பத்தடி ஹோஸ்

போன வாரம், ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் கார்த்திக் வாட்ஸாப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "அண்ணா, மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கியிருக்கோம். லாங் வீக்கெண்டுக்கு ஃபர்ஸ்ட் ட்ரிப். எந்த அடாப்டர் வாங்கணும், எந்த சீவர் ஹோஸ் வாங்கணும்? நீங்கதான் எக்ஸ்பர்ட்னு சொன்னாங்க." எக்ஸ்பர்ட் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. அடாப்டரைப் பற்றி மூன்று பத்தி எழுதித் தள்ளினேன். ஹோஸ் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன்.

நம் ஆட்களின் கராஜ் உங்களுக்குத் தெரியாததா? காரைத் தவிர எல்லாம் இருக்கும். அரிசி மூட்டை, மடக்கி வைத்த கொலுப்படி, யாருக்காவது கொடுக்கலாம் என்று வைத்து யாருக்கும் கொடுக்காத பேபி சீட். மேல் ஷெல்ஃபில் ஒரு நீலப் பெட்டி. இறக்கி மூடியைத் திறந்ததும் குப்பென்று வினைல் வாசனை. மழைக்கோட்டைப் புதிதாகப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. மேலே அடாப்டர் இருந்தது. அடியில் இன்னும் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாசனை என்னை ஃப்ரீவே ஓரத்துக் கடை ஒன்றில், அன்புவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்பரசனும் நானும் சான்டா கிளாராவில் ஒரே கம்பெனியில், ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். அவன் விழுப்புரம் பக்கம், நான் மாம்பலம். எட்டு வருஷம் அடுத்தடுத்த மேஜை, ஒரே லன்ச் டேபிள். என் வத்தக்குழம்பும் அவன் வீட்டு மீன் குழம்பும் ஒரே மைக்ரோவேவில் சுற்றிய காலம் அது. ஜாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அவன் என்ன ஆட்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தெரியும். கேட்காமலே தெரிந்துகொள்வதில் நாம் கெட்டிக்காரர்கள்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. முதல் வேலையாக லிவர்மோர் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட்டோம். வண்டிக்கு ஆறு சக்கரம், நான் கொண்டுபோனது நாலு எலுமிச்சம்பழம். மீதி இரண்டுக்கு என் மனைவி வித்யா மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சையைத் தியாகம் செய்தாள். குருக்கள் கோத்திரம் கேட்டார். நான் கடகடவென்று சொன்னேன். அன்பு சிரித்துக்கொண்டே, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றான். நானும் சிரித்தேன்.

முதல் ட்ரிப்பிலேயே வேலைப் பிரிவினை நடந்துவிட்டது. கேம்ப்கிரவுண்டில் வண்டியை நிறுத்தினால் இரண்டு வேலை. ஒன்று, அங்கே நட்டிருக்கும் கம்பத்திலிருந்து வண்டிக்குக் கரென்ட் இழுப்பது. இன்னொன்று, கக்கூஸ் தொட்டியில் சேர்ந்ததை ஹோஸ் வழியாகத் தரையில் இருக்கும் சாக்கடைக் குழாயில் விடுவது. "எலக்ட்ரிக்கல் என் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு நான் கம்பத்துப் பக்கம் நடந்தேன். அன்பு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். இத்தனைக்கும் நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். எலக்ட்ரிக்கல் படித்தவன் அவன்.

அந்த ட்ரிப்போடு பழைய ஹோஸ் விரிசல் விட்டது. இரண்டாவது ட்ரிப்புக்குப் புதிது வாங்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம். அடாப்டருக்கு மட்டும் நான் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எங்கள் வண்டியின் பிளக் முப்பது ஆம்ப், மூன்று கால். சில இடங்களில் ஐம்பது ஆம்ப், நாலு ஓட்டை மட்டும்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு குட்டைக் கேபிள் வேண்டும். இரண்டு முனையும் புடைத்திருப்பதால் இந்த ஊர்க்காரர்கள் அதை நாய் எலும்பு என்பார்கள். பிடிக்கக் கைப்பிடி உண்டா, சூடானால் உருகுமா என்று மூன்று வாரம் ரெவ்யூ படித்திருந்தேன். பொண்ணு பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

ஹோஸ் இருந்த வரிசைக்கு வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக் கடையின் தள்ளுவண்டியில் போட்டேன். அன்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"டேய், இது பத்தடிதான் இருக்கு. இருபதடி எடுத்துக்கலாமே?"

"பத்தடி போதும்டா. குழாய் பக்கத்துலதான் இருக்கும். எதுக்குச் சுமந்துக்கிட்டு?"

அவன் அந்த அட்டையை இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தான். ஹோஸைப் பற்றி நான் ஒரு ரெவ்யூகூடப் படித்திருக்கவில்லை. அதைப் பிடிக்கப்போவது நான் இல்லையே.

சாஸ்டா மலைப் பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்ட். மத்தியான வெயில். வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, நாய் எலும்பைச் சொருகி, ஏசி ஓட ஆரம்பித்ததும் எனக்கு ராக்கெட் விட்ட பெருமை. பின்னாலிருந்து அன்பு குரல் கொடுத்தான். "ரெண்டடி எட்டல. வண்டிய கொஞ்சம் பின்னாடி எடு."

"லெவல் பண்ணி, கரென்ட் போட்டாச்சுடா. இழுத்துக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன், அஞ்சு நிமிஷம்தானே."

பிடித்துக்கொண்டான். குழாயின் வாய்க்கு மேலே ஹோஸின் முனையை இரண்டு கையாலும் தாங்கியபடி குனிந்து நின்றான். நான் தொட்டியின் வால்வைக்கூடத் திறக்கவில்லை. அவன் மனைவி கவிதாதான் திறந்தாள். வேகம் தாங்காமல் ஹோஸ் துள்ளியது. அவன் பேண்ட், ஷூ, முழங்கை எல்லாம் நனைந்தது. நான் கையில் வோல்டேஜ் மீட்டரோடு பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நூற்றுப் பதினெட்டு காட்டியது. ஏன் இது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை மடத்தனம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அன்பு அரை மணி நேரம் குளித்துவிட்டு வேறு துணியில் வந்தான். சோப்பு வாசனை அவனுக்கு முன்னால் வந்தது. உள்ளே மேஜையில் எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாறியிருந்தது. அவனுக்கு என்று ஒரு தட்டும் இடமும் இருந்தன. அவன் படியில் கால் வைத்தான். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"நீ வெளியவே உக்காருடா, காத்தாட இருக்கும். நான் கொண்டு வரேன்."

ஒரு பேப்பர் பிளேட்டை எடுத்து, அதில் போட்டு, வெளியே இருந்த மர மேஜையில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்தேன்.

மாம்பலத்து வீட்டில் கொல்லைப்புறச் சந்து வழியாகக் கக்கூஸ் அடைப்பு எடுக்க ஒருவர் வருவார். வேலை முடிந்ததும் அவருக்கு இலையில் சோறு வைப்போம், கொல்லைப் படிக்கு வெளியே, தரையில். சின்ன வயதில் நானே வைத்திருக்கிறேன். அதையெல்லாம் தாண்டி, கடல் தாண்டி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தாண்டி வந்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது. கை அங்கேயே இருந்திருக்கிறது.

அன்பு பேப்பர் பிளேட்டைப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே இருந்த தட்டைப் பார்த்தான். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். கவிதா எழுந்தாள். தன் எவர்சில்வர் தட்டிலிருந்ததை ஒரு பேப்பர் பிளேட்டில் கொட்டிக்கொண்டு, வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வித்யா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. உள்ளே ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான் முதல் ஆளாகக் கையுறையைத் தேடிக்கொண்டு போனேன். அதற்குள் அவன் ஹோஸைக் கழற்றி, அலசி, சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அடுத்த தடவை இருபதடி வாங்கு. நீயே பிடிக்கப் போறதா நினைச்சு வாங்கு."

மன்னித்துவிடு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் "ஓகேடா" என்றேன். வீடு வந்து சேரும்வரை டிராஃபிக்கைப் பற்றிப் பேசினேன்.

அந்த வாரமே இருபதடி வாங்கினேன். திங்கட்கிழமை அவன் மேஜைக்குப் போய், "வாங்கிட்டேன்டா" என்றேன். "நல்லதுங்க" என்றான். எட்டு வருஷத்தில் அவன் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு லாங் வீக்கெண்ட் வரும்போதெல்லாம் அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. லன்ச் டேபிளில் இடம் மாறியது. ஒரு வருஷத்துக்குள் டெக்சாஸில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். வண்டியை விற்றோம். அந்த மீன் குழம்பு வாசனை இன்று ஆபீஸ் மைக்ரோவேவில் இல்லை.

கராஜிலேயே உட்கார்ந்து அட்டைப்பெட்டியின் டேப்பை முதல் தடவையாகக் கிழித்தேன். ஹோஸைத் தரையில் இழுத்து நீட்டினேன். கராஜ் நடுவில் தொடங்கி, வாசலைத் தாண்டி, டிரைவ்வே வரைக்கும் போனது. அன்றைக்கு எட்டியிருக்கும். எட்டி, மிச்சமும் இருந்திருக்கும்.

போனை எடுத்துக் கார்த்திக்குக்குப் பதில் போட்டேன். "இருபதடி வாங்கு. நீயே பிடிக்கப் போறதா நினைச்சு வாங்கு."

உடனே பதில் வந்தது. "செமண்ணா! உங்க டயலாக்கா?"

"இல்லப்பா, என் ஃப்ரெண்ட் சொன்னது" என்று அடித்தேன். அனுப்பும் முன் 'என் ஃப்ரெண்ட்' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டு, "கூட வேலை பார்த்த ஒருத்தர்" என்று மாற்றி அனுப்பினேன்.