உயிரோடு வந்த கோழி

நான் மேசன், கல்லுக் கட்டுகிறவன். போன மாரியில் மதிலில் இருந்து விழுந்து கால் முறிந்தது. இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தேன். வீட்டில் சோறும் சொதியும்தான். ஒருவரிடமும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்காமலே ஓர் அம்மா வந்தார். கத்தோலிக்கக் கோயிலில் இருந்து வீடு வீடாகப் போய் உதவுகிறவர்களில் ஒருவர். நரைத்த தலை, கையில் பழைய குடை. உள்ளே கூப்பிடும் வரை வாசல் கேற்றுக்கு வெளியே நிற்பது அவர் பழக்கம். மழையிலும் அப்படித்தான் நின்றார்.

அவருடைய பைக்குள் கோழி கத்தியது.

"உசிரோடயா கொண்டந்தீங்க?" என்றாள் மனைவி.

"நாங்க அறுத்தா நீங்க தின்னமாட்டீங்கதானே, மகள். தம்பி பிஸ்மி சொல்லி அறுக்கட்டும்."

"அவருக்குக் குந்தவே ஏலாதே, அம்மா."

அவர் என் பிளாஸ்டர் காலைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, கோழியோடு பள்ளிவாசலுக்கு நடந்தார். அங்கேயும் கேற்றுக்கு வெளியேதான் நின்றாராம்.

"என்ன அம்மா, இந்த வயசில பள்ளிக்கு வந்திருக்கீங்க?" என்று பாங்கு சொல்லும் மோதினார் கேட்டாராம்.

"நான் வரல்ல. கோழிதான் வந்திருக்கு."

மோதினாரே அறுத்துக் கொடுத்தார். அன்று பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றார்கள். நானும் தின்றேன். அந்த அம்மாவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

கால் சுகமானதும் அவருடைய கோயிலுக்குப் போனேன். கேற்றுக்கு வெளியே நின்றேன்.

"கோழி கொண்டு வந்த அம்மா இருக்காவா?"

உள்ளே நின்றவர் யோசித்தார். "எந்த வீட்டுக்கு, தம்பி? அவ கன வீட்டுக்குக் கொண்டு போறவ."

"அறுக்க ஏலாத வீட்டுக்கு."

அவர் சிரித்துவிட்டார். "ஓ, அது நீங்களா?" என்று கேற்றைத் திறந்தார்.