சொல்லக் கூசிய "சீ"

பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டு முதலாளி, ஒரு குளிர்கால ஞாயிறு என்னையும் காடை வேட்டைக்குக் கூட்டிப்போனார். அவருடைய நாய் லூனா காடையைக் கண்டால் குரைக்காது. அசையாமல் நின்று இடத்தைக் காட்டும்.

காடை ஒன்று புதரோரம் ஓடியது. முதலாளி துவக்கை நீட்டியபடி, "லூனா உள்ளே நிற்கிறாளா?" என்று தூரத்திலிருந்து கேட்டார். அவள் புதருக்குள் நின்றது எனக்குத் தெரிந்தது. இத்தாலியனில் ஓம், ஆமாம் என்பதற்கு "சீ" என்பார்கள். பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே "சீ" என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். ஓம் என்பதற்கு எங்கள் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இல்லை என்று விளங்கிக்கொண்டு அவர் சுட்டார். லூனா நின்ற இடத்திலேயே விழுந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, ஏனப்பா பேசாமல் நிண்டனீங்கள்?" என்று அன்றிரவு வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்.

நாயை விரட்ட நாங்கள் சொல்லும் சொல் அந்தச் "சீ". அன்று ஒருமுறை சொல்லியிருந்தால் ஒரு நாய் பிழைத்திருக்கும்.