நூற்றில் ஆறு பேர்

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ‘ஆனா மேடம்’ என்று பெயர். யார் எந்தக் கருவியைப் பற்றிப் பெருமையடித்தாலும், பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா...” என்று ஆரம்பிப்பாள். உள்ளே என்ன நடக்கிறதென்று சாமானியருக்கு விளங்காத தொழில்நுட்பங்களைப் பற்றி அவர்களிடம் எப்படி நேர்மையாகப் பேசுவது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. “பொய் சொல்லாதேன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?” என்று அக்கா கேலி செய்வாள்.

கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, விழித்திரையைப் படமெடுத்துத் தானே நோயைக் கண்டுபிடிக்கும் கருவி வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லி நிர்வாகி அனுப்பியிருந்தார். ‘பிசகே இல்லாத பரிசோதனை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவளோ அந்த ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில், காத்திருப்பவர்களோடு மூன்று வாரம் போய் உட்கார்ந்தாள்.

அங்கேதான் ஒரு பஸ் டிரைவரைப் பார்த்தாள். நோய் ஒன்றுமில்லை என்று கருவி அவருக்குச் சொல்லியிருந்தது. பிறகு இடது கண் மங்கியும் நாலு மாதம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“மெஷினே ஒண்ணும் இல்லைன்னுடுச்சு. அதுக்கு மேல நான் யாரும்மா?” என்றார். அந்தக் கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது.

கருவியின் சோதனை அறிக்கையில் இருந்த கணக்கைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து பிரசுரத்தை மாற்றி எழுதினாள்: ‘நோயுள்ள நூறு பேரில் ஆறு பேரை இந்தக் கருவி தவறவிடுகிறது. பார்வை மங்கினால், அது என்ன சொல்லியிருந்தாலும் உடனே வாருங்கள்.’

நிர்வாகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதைப் படித்தால் ஒரு ஈ காக்கைகூடக் கருவி இருக்கும் பக்கம் வராது என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை.

“பயந்துடுவாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க. புரிஞ்சுக்குவாங்கன்னு நான் நினைக்கிறேன். ரெண்டு மாசம் கொடுங்க, பார்த்துடலாம்.”

அரைமனதோடு கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஒருவர்கூடப் பரிசோதனை வேண்டாமென்று எழுந்து போகவில்லை. ஆனால் பார்வை மங்குகிறதென்று பதினோரு பேர் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். அவர்களில் நாலு பேருக்கு நோய் இருந்தது. நாலு பேரின் பார்வையையும் காப்பாற்ற முடிந்தது. பஸ் டிரைவர் ஒரு கட்டுப் பிரசுரத்தை வாங்கிப்போய் டிப்போவில் எல்லோர் கையிலும் திணித்தார்.

அடுத்த வருஷம் வேறொரு கருவி வந்தது. இந்த முறை நிர்வாகியே புதுப் பிரசுரத்தோடு மூச்சிரைக்க அவளுடைய அறைக்கு வந்தார். கருவி எங்கே தப்புப் பண்ணும் என்பதை அதன் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்திராமல், நாலு மாடியையும் படியிலேயே துள்ளி இறங்கினாள்.