மிச்சமிருந்த மூன்று அட்டை

சட்டை தைக்கும் கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை அவர் மேஜையைத் தாண்டிப் போகும். காலரில் ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். தைத்தவள் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றாலும் மசியமாட்டார். "என் கண்ணுல பட்டாச்சு. இனி என் கையில இல்லம்மா" என்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் கிடையாது என்று கம்பெனியே சொல்லும். அதைக் கேட்டால் அவருக்கும் உள்ளூரக் குளிரும்.

அப்படிப்பட்ட மனுஷன், மனைவிக்கு எட்டு மாதம் கொடுத்த மாத்திரையை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கொடுத்தது ஸ்டோர்காரன் அல்லவா!

ஸ்டோர்காரன் கம்பெனியில் நூலும் பட்டனும் எடுத்துக் கொடுக்கிறவன். வாய்க்கு வாய் "அண்ணே" என்பான். வீடு மாறியபோது பீரோவை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினான். அண்ணிக்கு ஆபரேஷன் என்றதும் ஓடிவந்து ரத்தம் கொடுத்தான். அவளுக்கு ரத்தக் கொதிப்பு வந்தபோது, "எதுக்குண்ணே ஆஸ்பத்திரி வரிசையில கால் கடுக்க நிக்கிறீங்க? என் மச்சான் மருந்து கம்பெனியிலதான் இருக்கான்" என்று அதே மாத்திரையைப் பாதி விலைக்கு வாங்கித் தந்தான்.

ஆஸ்பத்திரி மாத்திரை போட்ட நாட்களில் அவளுக்கு எழுந்தாலே தலை சுற்றும். கட்டிலிலிருந்து சமையலறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். ஸ்டோர்காரனின் மாத்திரைக்கு மாறிய வாரமே அது நின்றுவிட்டது. "நல்ல மருந்துங்க. உடம்பை ஒண்ணுமே பண்ணலை" என்று அவள் பூரித்தாள். அவரும் பூரித்துப்போய் மறுநாள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணிமேலேயே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

போன மாதக் கடைசியில் போலீஸ் கம்பெனிக்கே வந்து ஸ்டோர்காரனை இழுத்துக்கொண்டு போனது. அவன் விற்றதெல்லாம் சுண்ணாம்புத் தூளாம். அவனிடம் வாங்கியவர்களில் இன்னும் இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். "அண்ணே, உங்க தலையிலயும் மிளகாய் அரைச்சிட்டானே" என்று கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன்காரர் வருத்தப்பட்டார். அன்றோடு அயர்ன்காரரிடம் பேச்சு நின்றது. "யாரோ அவனை மாட்டி விட்டுட்டாங்க" என்பதையே பூதக்கண்ணாடி திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேட்கிற நமக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் போனது வெறும் பணமாக இருந்தால் அவரும் தலையிலடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருப்பார். தினமும் இரண்டு வேளை அந்த மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரோடு அவளிடம் நீட்டியது அவருடைய கை. மறந்து தூங்கிய அன்றும் எழுப்பிக் கொடுத்த கை. அவன் ஏமாற்றினான் என்று ஒப்புக்கொண்டால், அடுத்து அந்தக் கையை என்ன சொல்வது?

மகள் வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விஷயம் தெரிந்ததும் போன் செய்தாள். "மிச்சம் இருக்கிற மாத்திரையைப் பத்திரமா வைங்கப்பா. அதைச் சோதிச்சாத்தான் அம்மா சாவுக்குக் கேஸ் நிக்கும். லீவு கிடைச்சதும் வர்றேன்." மிச்சம் மூன்று அட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் அலமாரியைத் திறந்தாள். மூன்று அட்டையும் இருந்தன, ரப்பர் பேண்டு போட்டு. முப்பது குழியும் காலி.

"மாத்திரை எங்கப்பா?"

"நான் போட்டுட்டேன். அம்மா போட்ட மாதிரியே காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பதினஞ்சு நாளா."

"உங்களுக்குத்தான் பிரஷரே கிடையாதே! எதுக்குப்பா?"

"அவன் ரத்தம் உங்கம்மா உடம்புல ஓடுச்சும்மா. அவனா கெட்ட மருந்து குடுப்பான்? கெட்டதுன்னா எனக்கும் ஏதாவது பண்ணியிருக்கணும்ல? பாரு, கல்லு மாதிரி நிக்கிறேன். ஒண்ணும் ஆகலை."

கத்துவதற்காக மகள் வாயைத் திறந்தாள். கத்தவில்லை. வார்டில் நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"தலை சுத்தலையா?"

"இல்ல."

"எழுந்திருக்கும்போது?"

"இல்லைன்னுதானே சொல்றேன்."

"நிஜ மாத்திரையா இருந்தா, பிரஷர் இல்லாதவங்க அதை ரெண்டு வேளை போட்டு நாலு நாள் நிக்க முடியாதுப்பா. அம்மா மாதிரி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்."

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில், மனைவியின் கை பட்டுப் பட்டு வெள்ளைப் பூச்சு அழுக்கேறியிருந்தது. பத்து மாதமாக யாரும் தொடாத இடம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கையை நீட்டி, சரியாக அந்த இடத்தில் ஊன்றிக்கொண்டார்.

"இப்ப சுத்துதும்மா" என்றார். "லேசா சுத்துது."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, சமையலறைப் பக்கம் நடந்தார்.