அல்லாபெர்தி வீட்டுத் தூது

தேநீர் வேண்டுமென்றால் அல்லாபெர்தி தன் பேத்தியிடம்தான் கேட்பார்.

"ஜெரென் கண்ணு, டீத்தண்ணி கொதிச்சிடுச்சான்னு உங்க அம்மாகிட்டக் கேட்டுட்டு வா."

ஜெரெனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அவள் தாத்தாவைப் பார்ப்பாள், கதவோரம் நிற்கும் அம்மாவைப் பார்ப்பாள், பிறகு தன் மரக்கரண்டியைக் கம்பளத்தில் தட்டப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கெட்டிலும் கிண்ணமும் தாத்தா முன்னால் வந்துவிடும். "அடி சமத்து! சொன்னதும் சேதியக் கொண்டுபோய்ச் சேத்துட்டாளே!" என்று அவர் பேத்தியை மெச்சிக்கொள்வார்.

மருமகள் நபாத் மாமனாரோடு பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதைதான். அவர் இருக்கும் அறைக்குள் நுழையும்போதே தலைத்துணியின் நுனியை இழுத்துப் பல்லுக்கிடையில் கவ்விக்கொள்வாள். இதற்கு யாஷ்மக் என்று பெயர். புகுந்த வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வாய் தெரியக்கூடாது, குரலும் கேட்கக்கூடாது. ஏதாவது சொல்லியே தீரவேண்டுமென்றால் குழந்தையின் காதருகே குனிந்து, அவருக்கும் எட்டும்படி ஒரு கிசுகிசுப்பில் சொல்வாள்: "தாத்தாகிட்டச் சொல்லும்மா, மாவு தீரப்போகுது." தாத்தா அதைக் குழந்தை சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, "அப்படியா கண்ணு? நாளைக்கே வாங்கிடுவோம்" என்பார். அவர் மனைவி இறந்து வெகுநாளாகிறது. மகன் மெய்லிஸ் எரிவாயு வயலில் வேலை பார்க்கிறான், பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டான். ஆக, வீட்டில் இருப்பது மூன்று பேர். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே தூது போகிற பொறுப்பு, பேசவே தெரியாத ஒருத்தியின் தலையில் விழுந்திருந்தது.

இந்த ஏற்பாடு வேறு யாருக்காவது வாய்த்திருந்தால் பரவாயில்லை. அல்லாபெர்தி பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். முலாம்பழ வியாபாரி. தெஜென் ஊர்ச் சந்தையில் அவர் குரல் கேட்டுத்தான் பக்கத்துக் கடைக்காரர்கள் பழத்தையே அடுக்கத் தொடங்குவார்கள். குளிர்காலத்தில் சந்தைக்குப் போகிற வேலை குறைவு. கொட்டகையில் கோரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட குலாபி முலாம்பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "உனக்கென்ன குறை? ஏன் முகம் சுருங்கிப்போச்சு?" என்று விசாரித்துவிட்டு வருவார். பழத்திடம் பேசுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து பேச ஒரு மனிதப் பிறவி கிடைக்கவில்லை என்பது பெரிய வதைதான்.

மருமகள் வந்த முதல் வருடமே அவர் முறைப்படி நல்ல பட்டுத் தலைத்துணி ஒன்று வாங்கிக் கொடுத்து, "இனிமே எங்கிட்டப் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டார். மாமனாரே விடுவித்துவிட்டால் மருமகள் பேசலாம், அதில் யாரும் குறை சொல்லமுடியாது. நபாத் தலை குனிந்து துணியை வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பட்டுத் துணியின் நுனியைக் கவ்விக்கொண்டு வளைய வந்தாள். அப்போது ஜெரென் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் காது வழியாகத்தான் காரணம் வந்தது: "தாத்தாகிட்டச் சொல்லுடா, எங்க அம்மா கடைசிவரைக்கும் இப்படித்தான் இருந்தாங்க. மரியாதை தெரியாத வீட்டுப் பொண்ணுன்னு என்னைய யாரும் சொல்லிடக் கூடாது." அல்லாபெர்திக்குப் பெருமை பாதி, ஏமாற்றம் பாதி. வெளியே சொல்லிக்கொண்டதென்னவோ பெருமையை மட்டும்தான்.

இப்படி ஒரு வீட்டில் குழந்தை பேசாமல் இருந்தால் ஊர் சும்மா விடுமா? அல்லாபெர்தியின் அக்கா ஒராஸ்பிபி விடவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு அவர் மறுசொல் சொல்லிப் பழக்கமில்லை. அவள் ஒரு நாள் ஆட்டு நாக்கை வேகவைத்து எடுத்து வந்தாள். அதைத் தின்றால் குழந்தைக்கு நாக்குத் திரும்புமாம். ஜெரென் நாக்கை முழுக்கத் தின்றாள், விரலைச் சூப்பினாள், இன்னும் வேண்டும் என்று தட்டைக் காட்டினாள். பேச்சு மட்டும் வரவில்லை.

"எப்படிடா வரும்?" என்றாள் ஒராஸ்பிபி. "இந்த வீட்டுல பேச்சுன்னு ஒண்ணு இருக்கா? நீ கத்துற, அவ துணியக் கடிக்கிறா. பிள்ளை யாரைப் பாத்துக் கத்துக்கும்? எங்க வீட்டுல பேரப்பிள்ளைங்க கூட்டமே இருக்கு, நாள் முழுக்க வாய் ஓயாது. நவ்ருஸ் பண்டிகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பேசலைன்னா நான் தூக்கிட்டுப் போயிடுவேன். பேச ஆரம்பிச்சப்புறம் கொண்டாந்து விடுறேன்."

"சின்னப் பிள்ளை, அக்கா. அம்மாவ விட்டு இருக்குமா?"

"உன்னையும் அம்மா இல்லாமத்தானடா வளத்தேன். குறைஞ்சா போயிட்ட?"

அல்லாபெர்தி சரி என்று தலையாட்டிவிட்டார். தொலைபேசியில் மெய்லிஸும், "அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்பா" என்றான். கதவோரம் நின்ற நபாத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் எந்த வாயால் பதில் சொல்லுவாள்? அன்று மாலை குழந்தையின் காதில் ஒரு கிசுகிசுப்பு வந்தது: "தாத்தாகிட்டச் சொல்லும்மா. அடுப்படியில நீ எங்கூடப் பேசுறல்ல? தண்ணி கேக்குறல்ல? பூனையத் திட்டுறல்ல? சொல்லும்மா." தாத்தா காதில் வாங்கிக்கொண்டார், நம்பவில்லை. எந்தத் தாய்தான் தன் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள்? அடுப்படி வாசலில் நின்று ஒட்டுக் கேட்பது அவர் சுபாவத்தில் இல்லை. அந்தப் பக்கம் போவதென்றால் தூரத்திலேயே இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் போவார். அவர் இருமியதும் உள்ளே எல்லாம் அடங்கிவிடும். அம்மாவோடு சேர்ந்து குழந்தையும் அடங்கிவிடுகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குளிர்காலம் முழுக்க அல்லாபெர்தி பட்ட பாடு சொல்லி மாளாது. ஜெரெனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "தாத்தா சொல்லு. தா-த்-தா" என்பார். அவள் அவர் தாடியைப் பிடித்து வாயைத் திறந்து உள்ளே பார்ப்பாள். சொல் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவது போலிருக்கும். கொட்டகைக்குத் தூக்கிப் போய்ப் பழத்தைத் தட்டிக் காட்டுவார். அவளும் தட்டுவாள். "பழம் எங்கே?" என்றால் சரியாகக் கை நீட்டுவாள். "தாத்தா செருப்பு எங்கே?" என்றால் ஓடிப்போய் எடுத்து வருவாள், அதுவும் ஒன்றை மட்டும். எல்லாம் புரிகிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. அவருக்கு மனம் விட்டுப்போகும். பேரம் பேசிப் படியாத ஆளே அவர் சந்தையில் கண்டதில்லை. இந்தச் சின்ன வாய்க்கு முன்னால் அவர் வித்தை ஒன்றும் பலிக்கவில்லை.

குழந்தைக்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. குளிருக்காகத் தலையில் கட்டிவிட்ட சிறிய துணியின் நுனியை எந்நேரமும் வாயில் வைத்துச் சப்பியது. துணியைச் சப்பிக்கொண்டே வந்து தாத்தாவின் தோளைப் பிடித்து ஏறி, காதில் ஈரமாக மூச்சு விடும். அவருக்குக் கூச்சம் தாங்காது. "ஐயோ, போடி கழுதை!" என்று சிரித்துக் காதைத் துடைத்துக்கொள்வார். அவள் முகம் சுண்டிப்போகும். பல் முளைக்கிற எரிச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

நவ்ருஸுக்கு முதல் நாள் ஒராஸ்பிபி மகனுடைய காரில் வந்து இறங்கினாள். மகன் காரிலேயே இருந்துகொண்டான். நபாத் அழுது வீங்கிய கண்களோடு ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். குழந்தையின் துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள்.  ரொட்டியைப் பிய்த்த அல்லாபெர்தி தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கிளம்பட்டுமாடா? இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்."

நபாத் மண்டியிட்டுக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்து, அதன் காதில் ஏதோ சொன்னாள். வழக்கமாக அவருக்கும் எட்டுகிற கிசுகிசுப்பு அன்று எட்டவில்லை. ஒராஸ்பிபி கேட்டுவிடுவாளோ என்கிற பயத்தில் குரல் குழந்தையின் காதோடு நின்றுவிட்டது. அல்லாபெர்தி முன்னால் சாய்ந்து பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. வாய் விட்டுக் கேட்கவும் முடியாமல் தவித்தார்.

ஜெரென் கம்பளத்தின் மேல் தத்தித் தத்தி நடந்து வந்தாள். தாத்தாவுக்கு முன்னால் நின்றாள். தலைத்துணியின் நுனியை இழுத்துப் பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டாள்.

"பாத்தியா, மறுபடியும் துணியத் திங்குது!" என்று ஒராஸ்பிபி கையை நீட்டினாள்.

"இரு அக்கா!"

தம்பி அவளை அதட்டியது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை. அவள் கை அந்தரத்தில் நின்றது. ஜெரென் தாத்தாவின் தோளைப் பிடித்து ஏறிக் காதோடு வாயை வைத்தாள். ஈரமான மூச்சு வந்தது. இந்த முறை அவர் காதைத் துடைக்கவில்லை, அசையவும் இல்லை. மூச்சுக்குள் எழுத்துகள் இருந்தன. துணிக்குள் நசுங்கி, எச்சிலில் நனைந்து, ஆனாலும் ஒழுங்காக வந்தன.

"பாப்பாவ... அனுப்ப வேணாஞ்சொல்லு."

அம்மா சொன்ன 'சொல்லு' என்பதையும் விடாமல் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாள்.

அல்லாபெர்திக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இந்தக் குளிர்காலம் முழுக்க? எத்தனை சேதிகள் கொண்டுவந்தாளோ, அத்தனையையும் சட்டைக் கையால் துடைத்துப் போட்டிருக்கிறார். அவள் பேசத் தெரியாதவள் அல்ல. தாத்தா இருக்கிற அறையில் எப்படிப் பேசவேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டவள். அம்மா என்ன செய்தாளோ அதைச் செய்தாள், அவ்வளவுதான்.

"சரி கண்ணு," என்றார். "அனுப்பலைன்னு உங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லு."

நபாத் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னடா நடக்குது இங்க?" என்றாள் ஒராஸ்பிபி. "என்ன சொல்லிச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"பேசிட்டா அக்கா. அனுப்ப வேணாங்கிறா."

"நல்லா இருக்குடா கதை! பிள்ளைய விட மனசில்லைன்னா நேரா சொல்லிடு. துணிக்குள்ள முணுமுணுக்கிறதுக்குப் பேரு பேச்சா? வாயைத் திறந்து சத்தமாச் சொல்லட்டும். நானே எந்திரிச்சுப் போயிடுறேன்."

அல்லாபெர்தி மெதுவாகக் குழந்தையின் பல்லிலிருந்து துணியை எடுத்தார். "எங்கே தங்கம், பெரிய பாட்டிக்கும் கேக்குறாப்புல சொல்லு."

ஜெரென் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். துணி இல்லாமல் இந்த அறையில் பேசுவதா? தாத்தாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நபாத் கையை விலக்கியிருந்தாள். குழந்தையின் கண் போய் நின்ற இடம் அம்மாவின் வாய். அங்கே துணி இருந்தது.

அல்லாபெர்தியும் அங்கே பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். துணியை எடு என்று அவர் சொன்னால் அவள் எடுத்துவிடுவாள், மாமனார் பேச்சைத் தட்டமாட்டாள். எடுத்துவிட்டு வெட்கத்தில் செத்துப்போவாள். இத்தனை வருடமாக அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்கியவர்தான் அவர். அப்படிப் பறித்து வாங்குகிற வார்த்தை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பி, முதுகை மற்றவர்கள் பக்கம் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"டேய்! எனக்கே முதுகைக் காட்டுறியா?"

"நீயும் திரும்பு, அக்கா."

"நானா? எதுக்கு?"

"திரும்பேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒராஸ்பிபி தம்பியின் முதுகைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஏதோ முணுமுணுத்தபடி, முழங்கால்கள் சடசடக்க, அவளும் திரும்பிச் சுவரைப் பார்த்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் தலைத்துணி சரசரத்தது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது. அவர் கற்பனை செய்து வைத்திருந்தது போல மெல்லியதாக இல்லை, கனமான, நிதானமான குரல்.

"சொல்லும்மா ஜெரென். பயப்படாத. அம்மாவும் பேசுறேன் பாரு."

"அனுப்ப வேணாம்!" என்று அறை அதிரக் கத்தினாள் ஜெரென்.

ஒராஸ்பிபி துள்ளித் திரும்பப் போனாள். அல்லாபெர்தி சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் முழங்காலைக் கெட்டியாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.