வாவித் தண்ணியில் ஓடிய எஞ்சின்

இது நடந்தது. நம்பச் சொல்லி நான் யாருடைய காலிலும் விழப்போவதில்லை. நீங்கள் நம்பினால் எனக்கு உத்தியோக உயர்வு வரப்போவதுமில்லை. அன்று அந்தத் தோட்டத்தில் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் இன்று, "நாங்க கேக் சாப்பிட்டிட்டு நேரத்தோட போயிட்டம்" என்கிறார்கள். நான் போகவில்லை. போகமுடியவில்லை. ஏனென்றால் அந்த லீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

1936, ஆவணி மாதம். மட்டக்களப்பு, புளியந்தீவு.

முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு நீராவிச் சிறுரயில் சங்கம். மொத்த உறுப்பினர் மூன்று பேர். தலைவர் மொறிஸ், ஒரு கந்தோரில் தலைமைக் கிளாக்கர். செயலாளர் அவருடைய அண்ணன் சார்ள்ஸ், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவர். இரண்டு பேரும் பறங்கியர், ஒல்லாந்தர் போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள். பொருளாளர் நல்லரத்தினம் ஆகிய நான். பொருள் எதுவும் இல்லாதபடியால் என்னை நம்பி அந்தப் பதவியைத் தந்தார்கள்.

சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு எஞ்சின். அதுவும் சார்ள்ஸ் தன் கையால் செய்தது. களனிப் பள்ளத்தாக்கில் ஓடும் ஒடுக்கப்பாதை ரயில் எஞ்சினின் அச்சு அசல் வடிவம், முழங்கால் உயரத்தில். உண்மையான தண்ணி, உண்மையான சிரட்டைக் கரி நெருப்பு, உண்மையான நீராவி. பின்னால் பூட்டிய தாழ்ந்த வண்டியில் குதிரை ஏறுவதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு மூன்று பேர் இருக்கலாம். அதைப் 'பொம்மை' என்று சொன்ன ஒருவரோடு சார்ள்ஸ் பதினொரு வருஷம் கதைக்கவில்லை. வண்டியில் தொப்பென்று குந்தி இருக்கையின் சுருள்வில்லை வளைத்த இன்னொருவரின் சாவுக்கும் போகவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் மன்னிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பொயிலரின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் 'நோறா' என்று பெயர். அது அவருடைய மனைவியின் பெயர். கலியாணத்துக்கு ஒரு கல்லு மோதிரம் கேட்ட நோறா அக்காவுக்கு அவர் கொடுத்தது இதைத்தான். அக்கா கொஞ்சநாள் கோபமாக இருந்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் புளி போட்டு அந்தத் தகட்டை மினுக்கத் தொடங்கினார்.

சார்ள்ஸிடம் ஒரு சட்டம் இருந்தது. பொயிலருக்கு மழைத்தண்ணி மட்டும். கூரைப் பீலியால் பீப்பாவில் பிடித்து, தன் பழைய சேட்டுத் துணியில் வடித்து ஊற்றுவார்.

"வாவித் தண்ணி உப்பு, கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு," என்பார். "உள்ளுக்க எத ஊத்திறமோ அதுதான் எஞ்சினுக்கு உயிர்."

முந்தின வருஷம் அண்ணனும் தம்பியும் வாவியில் தூண்டில் போடத் தோணியில் போனார்கள். காற்று எழும்பியது. தோணி புரண்டது. மொறிஸ் நீந்தி வந்தார். சார்ள்ஸ் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு மொறிஸ் போகிற விருந்தெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். "கையப் பிடிச்சன்… வழுகிற்று." சொல்லும்போது ஐந்து விரலையும் மெதுவாக விரித்துக் காட்டுவார். பெண்கள் கண் துடைப்பார்கள். அந்த விரித்த கையில் யாராவது ஒரு கிளாஸ் வைன் கொண்டுவந்து வைப்பார்கள்.

எஞ்சின் ஓடியது மொறிஸின் தோட்டத்தில். ஆகவே எஞ்சினும் மொறிஸினுடையது ஆகிவிட்டது. ஒருநாள் அவர் 'நோறா' தகட்டைக் கழற்றினார். அந்த இடத்தில் 'மொறிஸ்' என்று புதுத் தகடு ஒன்றைப் பூட்டினார்.

"ஏன் சேர்?" என்றேன்.

"ஐசே றத்தினம், சங்கத்துச் சொத்தில தலைவர்ட பேர் இருக்கிறதுதான் முறை."

தோட்டத்து ஓரத்தில் வாவிக்குள் நீட்டிக்கொண்டிருந்த பலகைத்துறை, அதுதான் ஜெட்டி, அதில் நின்று பழைய தகட்டை வாவிக்குள் எறிந்தார். தொப்… ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் நேரே போய் நோறா அக்காவிடம் சொன்னேன். அவர் அன்றே வந்தார்.

"எஞ்சின நீயே வெச்சுக்கொள் மொறிஸ். அந்தத் தகட்ட மட்டும் தா."

"அது துருப்பிடிச்சுப் போச்சு நோறா. எறிஞ்சிட்டன்."

"பித்தள துருப்பிடிக்காது."

மொறிஸ் நாடியால் வாவியைக் காட்டினார். அக்கா தண்ணியை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப அவருக்குக் கிடைச்சிருக்கும்," என்றார். போய்விட்டார்.

இனித் திறப்பு விழா. சார்ள்ஸ் போட்ட பாதை தென்னைகளைச் சுற்றி ஒரு வட்டம். அது மொறிஸின் கௌரவத்துக்குக் காணாது. வட்டத்திலிருந்து ஒரு கிளையைப் பிரித்து ஜெட்டியின் நுனிவரைக்கும் தண்டவாளம் போட்டார். ஜெட்டியில் ஒரு பெயர்ப்பலகையும் நட்டார்: மொறிஸ் துறைமுகம். அங்கு வரக்கூடிய ஆகப்பெரிய கப்பல் அக்கரைக் கல்லடியின் மீன்தோணி. நேர அட்டவணை அச்சடித்திருந்தார். புறப்பாடு 5.10. எனக்கு ஒரு தொப்பியும் பச்சைக்கொடியும் தந்து, பாதை பிரிகிற இடத்து லீவருக்குப் பொறுப்பாக நிறுத்தினார். வண்டி வட்டத்தில் சுற்றவேண்டுமா, ஜெட்டிக்குப் போகவேண்டுமா என்பதை அந்த லீவர்தான் தீர்மானிக்கும்.

அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலிருந்து ஒரு துரை வருவதாக இருந்தது. ஐந்து மணிக்கு வரவேண்டியவர், துரை என்றபடியால், ஐந்தே முக்காலுக்கு வந்தார். அவர் கேற்றடியில் இறங்கும்போதுதான் மொறிஸ் குனிந்து பொயிலரின் தண்ணிக் கண்ணாடியைப் பார்த்தார்.

வெறுமை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

அச்சடிக்க நினைவிருந்தது. தண்ணி ஊற்ற நினைவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அந்த எஞ்சினுக்கு ஒருநாளாவது தண்ணி ஊற்றியதில்லை. அது எப்போதும் அண்ணனின் வேலை.

பீப்பாவுக்கு ஓடினோம். ஆவணி மாதத்தில் மட்டக்களப்பில் மழை ஏது? பீப்பாவின் அடியில் ஒரு காய்ந்த ஓணான் கிடந்தது.

மொறிஸ் வாளியை எடுத்துக்கொண்டு ஜெட்டி நுனிக்குப் போனார்.

"சேர்… அது வாவித் தண்ணி."

"துரை குடிக்கவா போறார்?"

வாளியைத் தாழ்த்தி மொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் நோறா அக்கா நின்றார். கறுப்பு உடுப்பு. அழைப்பு இல்லாமல் வந்திருந்தார். அவர் பார்த்தது மொறிஸை அல்ல. வாளியை.

அண்ணன் மூழ்கிய தண்ணியை, அண்ணன் செய்த எஞ்சினுக்குள் ஊற்றினார் மொறிஸ்.

அதுதான் தொடக்கம்.

சிரட்டைக் கரி போட்டார். அடியில் தென்னந்தும்பு வைத்தார். நெருப்புக்குச்சி கிழித்தார். கொஞ்சம் புகை… அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. துரை தூரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மொறிஸ் இன்னொரு பெட்டி குச்சிக்காகத் திரும்பினார்.

அப்போது முள் அசைந்தது.

நீராவியின் அமுக்கத்தைக் காட்டும் முள். நன்றாக எரிகிற நெருப்பிலேயே அது எழும்ப அரை மணித்தியாலம் வேண்டும். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே எழும்பியது. மெதுவாக… நிற்காமல்…

"பாத்தீரா றத்தினம்? கைராசி," என்றார் மொறிஸ்.

நான் நெருப்புக் கதவைத் திறந்தேன். உள்ளே கறுப்பு. கையை விட்டேன். கரி குளிர்ந்திருந்தது. தும்பு கருகவேயில்லை.

"சேர், நெருப்பு இல்ல."

"பொத்தும் வாய."

துரை வந்தார். எஞ்சினைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார். "முதலில் நீங்கள் ஒரு சுற்றுப் போய்வாருங்கள்" என்றார். அந்த மனிதர் தன் உத்தியோக காலத்தில் எடுத்த ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

மொறிஸ் தனியாக ஏறினார். அவருக்குப் பின்னால் இருந்த இருக்கை வெறுமை.

மணி 6.05. வாவிமேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

விசில் ஊதியது. மொறிஸின் கை விசிலுக்குக் கிட்டவே இல்லை. வழக்கமான கூர்மையான சத்தமும் இல்லை. வாய் நிறையத் தண்ணியை வைத்துக்கொண்டு ஒருவர் கூப்பிட்டால் எப்படி இருக்கும்… அப்படி.

குச்… குச்… குச்…

முதல் சுற்று. மொறிஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கைதட்டினார்கள். என்னைக் கடக்கும்போது சேற்று மணம் வந்தது. பாசி மணம்.

பின் இருக்கை தாழ்ந்திருந்தது.

ஆளில்லாத இருக்கை. வில் நன்றாக அமுங்கி… ஆள் ஏறினால் எப்படியோ அப்படி. அதிலிருந்து தண்ணி சொட்டியது. வட்டம் முழுவதும் மணலில் ஈரக்கோடு.

இரண்டாம் சுற்று. தொப்பியைக் காணவில்லை.

"நிக்குதில்ல றத்தினம்."

"ஸ்டீம மூடுங்க சேர்."

"மூடித்தான் கிடக்கு."

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அந்த வண்டி ஆடு நடக்கிற வேகத்தில்தான் போனது. காலை நிலத்தில் ஊன்றினால் போதும். குழந்தைப்பிள்ளையும் இறங்கலாம்.

மூன்றாம் சுற்று.

"கால ஊண்டுங்க சேர். எழும்புங்க."

அவருடைய வலது கை பின்னுக்கு நீண்டிருந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுபோல.

"பிடிச்சிருக்கான்," என்றார்.

"ஆரு?"

கடந்து போய்விட்டார்.

கைதட்டல் நின்றது. கேக் எடுத்த கைகள் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றன.

நான்காம் சுற்று. மொறிஸ் எங்களைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, வெறும் இருக்கையோடு பேசிக்கொண்டு வந்தார். மெதுவாக. கெஞ்சி.

"வழுகல்ல சார்ள்ஸ்… கை வழுகல்ல… நான்தான் விட்டனான்…"

எல்லோருக்கும் கேட்டது.

நோறா அக்காவுக்கும்.

அப்போதுதான் என் கையில் இருந்த லீவர் அசைந்தது.

அழுத்திப் பிடித்தேன். காலால் உதைத்துப் பிடித்தேன்.

என் விரல்களுக்கு மேலே… வேறு விரல்கள்.

குளிர். ஈரம்.

அவசரம் இல்லாமல் தள்ளின.

கிளிக்…

பாதை ஜெட்டிப் பக்கம் திரும்பியது.

குச்… குச்… பலகைமேல் தட… தட… தட…

மொறிஸ் கத்தவில்லை.

தொப்.

தகடு விழுந்த அதே சத்தம்.

ஜெட்டி நுனியில் தண்ணி மார்பளவுதான். புயல் காற்றில் வாவியை நீந்திக் கடந்தவர் மொறிஸ். இரண்டு பேர் உடனே குதித்தார்கள். துழாவினார்கள். ஆளும் இல்லை, எஞ்சினும் இல்லை. விடிந்தபிறகு கல்லடி மீன்காரர் அதே இடத்தில் கயிறு போட்டுத் தூக்கினார்கள். எஞ்சின் வந்தது. வண்டி வந்தது. மொறிஸும் வந்தார், இருந்த இருப்பிலேயே. வலது கை பின்னுக்கு நீண்டபடி.

'அதிகப்படியான நீராவியால் நேர்ந்த விபத்து' என்று எழுதி முடித்தார்கள். எரியாத நெருப்பில் அதிகப்படியான நீராவி எப்படி வந்தது என்று கேட்க அங்கே எந்தத் துரைக்கும் நேரமில்லை.

எஞ்சின் நோறா அக்காவிடம் போனது. 'மொறிஸ்' தகட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நாலு திருகாணித் தடம் மட்டும். வாவியில் சுழியோடித் தேடியும் கிடைக்கவில்லை.

ஆனால் எஞ்சினை ஆட்டினால் பொயிலருக்குள் ஏதோ உருண்டது. கடகட… கடகட…

மாதம் ஒன்று கழிந்தபின் நானும் அக்காவும் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனோம். பித்தளைப் பாத்திரம் அடிக்கிற கச்சி முகம்மது காக்காவின் பட்டறை. காக்கா என்றால் அங்கே அண்ணன். மத்தியான நேரம். நல்ல வெயில்.

காக்கா பொயிலரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தண்ணி ஊற்றுகிற துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். அதற்குமேல் போகவில்லை. மற்றப் பக்கமெல்லாம் சார்ள்ஸ் ஒட்டிய ஒட்டு. ஒரு மயிர் இடைவெளி இல்லை.

"வெட்டத்தான் வேணும் நோனா," என்றார்.

"வெட்டுங்க."

வாளால் அறுத்தார். கொஞ்சம் தண்ணி கொட்டியது. உப்பு மணம். பிறகு, உருண்டுகொண்டிருந்த பொருள் சறுக்கி வந்து அறுத்த வாயில் நின்றது.

உள்ளங்கை அகலம். பளபளவென்று, யாரோ இப்போதுதான் புளி போட்டு மினுக்கியதுபோல.

'நோறா.'

"இது எப்பிடி மனே உள்ளுக்குப் போன?" என்றார் காக்கா. அவர் குனிந்து அதைத் தூக்கினார்.

உடனே கீழே போட்டார். விரல்களை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விரல் நுனிகள் கொப்புளித்துவிட்டன. ஒரு மாதமாக நெருப்பையே காணாத எஞ்சின்.

நான் தடுக்கமுன் நோறா அக்கா வெறுங்கையால் அதை எடுத்தார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"கொண்டுவந்து தந்திட்டார்," என்றார்.

அவருக்குச் சுடவில்லை.