மாங்காய் அடித்த பெனால்டி

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி சிணுங்கியது. எண்ணெய்க் கையோடு எடுத்ததில் திரையெல்லாம் பிசுபிசுப்பு. பழைய கம்பெனியில் என்னோடு வேலை செய்த பார்வதி, குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

“அக்கா, வீரையா அண்ணன் போயிட்டாருக்கா. இன்னிக்கிக் காலையில. பசார்ல மீன் வாங்கிட்டு வந்து, செருப்பக் கழட்ட உக்காந்தவரு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்லியாம்.”

இரண்டாவது முறை கேட்டேன். அறை முழுக்கத் தைல வாசனை. வீரையா அண்ணனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான்.

வீரையா யார் என்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது. எங்கள் காலத்தில் மாநிலக் காற்பந்துக் குழுவில் இடது ஓரம் ஓடியவர். மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பந்தைக் காலில் வாங்கிவிட்டால், எதிரே நிற்பவனுக்கு அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது என்று என் அண்ணன் சொல்லும். ஆட்டமில்லாத நாளில் பத்து பெரண்டாம் ஊரில் இருந்த எங்கள் கம்பெனியில், ஸ்டோர் கவுண்டருக்குப் பின்னால் நிற்பார். கையுறை, திருகாணி, ஈயக்கம்பி எல்லாம் அவரிடம்தான் வாங்க வேண்டும். கெண்டைக்காலுக்கு எந்நேரமும் தைலம் போட்டிருப்பார். பத்தடி தள்ளி வரும்போதே ஸ்டோர் திறந்திருக்கிறதா என்று மூக்கு சொல்லிவிடும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் மயிரிழைக் கம்பி ஒட்டுகிற வேலை. கண்ணைப் போலவே வாயும் கூர்மை என்பார்கள். அதைப் பெருமையென்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை ஆட்டமென்றால் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, நாங்கள் ஐந்தாறு பெண்கள் கம்பெனிச் சட்டையோடே அரங்கத்துக்குப் போய்விடுவோம். அம்மா ஒருநாளும் என் சம்பளச் சீட்டைப் பார்த்ததில்லை. நல்லவேளை.

அந்த வருஷத்து அரையிறுதி ஆட்டம் மழையில் நடந்தது. சிமெண்டுப் படியில் தண்ணீர் ஓடியது. பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் போகிறது. நமக்கு ஒரு பெனால்டி. வீரையா அண்ணன் பந்தை வைத்தார், பின்னால் நடந்தார், ஓடி வந்து உதைத்தார். வழுக்கியதோ என்னவோ, பந்து கம்பத்துக்கு மேலே, அதற்கும் மேலே போய், வெளியே நின்ற மரத்துக்குள் விழுந்தது.

அரங்கமே ஒரு நொடி மூச்சு விடாமல் இருந்தது. அந்த ஒரு நொடியில்தான் என் வாய் திறந்தது.

“அங்க என்னா, மாங்கா அடிக்கிறியா?”

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மலாயில் கத்தத் தொடங்கினார்கள். அவர் வேறு எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. எங்கள் படியைத்தான் திரும்பிப் பார்த்தார். நான் பிளாஸ்டிக் பையை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டேன். ஆட்டத்தில் தோற்றோம்.

திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோருக்குப் பார்வதியை அனுப்பினேன். மூன்று நாள் அனுப்பினேன். நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் நானே போய்க் கவுண்டருக்கு முன்னால் நின்றேன். கையுறைப் பெட்டியை எடுத்து வைத்தவர், கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்து வைத்தார். உள்ளே நாலு மாங்காய்.

“அன்னிக்கி விழுந்தத பொறுக்கிட்டு வந்தேன், தங்கச்சி. எடுத்துக்குங்க.”

சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

“அழுவாதீங்கலா. எல்லாரும்தான் திட்டுனாங்க. மலாய்ல திட்டுனதெல்லாம் காதுல ஏறல. தமிழ்ல வந்துச்சா, அது மட்டும் வீடு வரைக்கும் கூட வந்துருச்சி.”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மாங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். கழிப்பறையில் உப்பு மிளகாயோடு அதைத் தின்று தீர்த்தவர்கள் என் தோழிகள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

அடுத்த பருவத்தில் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. இனி அவர் காதில் தமிழ் விழுந்தால் நல்லதாக விழட்டும் என்று ஒரு வைராக்கியம். “அண்ணே, நாங்க இருக்கோம்ணே!” என்று தொண்டை கிழியக் கத்துவேன். பக்கத்தில் இருக்கிற மலாய்க்காரப் பெரியவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் மறுபடியும் பெனால்டி. அவர் பந்தை வைக்கும்போதே நான் எழுந்துவிட்டேன். “தரையில அடிங்கண்ணே, தரையில!” புல்லை உரசிக்கொண்டு போய் வலையில் மோதியது பந்து. அந்த மலாய்க்காரப் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ நானே கோல் போட்ட மாதிரி.

திங்கட்கிழமை ஸ்டோரில் தொண்டை மிட்டாய் ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார். “வச்சிக்குங்க. அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கு.”

பிறகு எனக்குக் கல்யாணமானது, வேலையை விட்டேன். எப்போதாவது பசாரில் பார்த்தால் தலையசைப்பார். அந்த மன்னிப்பை மட்டும் நான் கேட்கவேயில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்றே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

தங்கா பத்து ஊரில் இருந்த அவர் வீட்டுக்கு நானும் பார்வதியும் போனோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஓடிய கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்ததைப் பார்க்க முடியாமல் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் மனைவி.

“நீங்க யாரும்மா?”

“கம்பெனில கூட வேல செஞ்சேங்க்கா. அவரு ஆட்டம் ஒன்னுகூட விடமாட்டேன்.”

அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “நான் ஒரு ஆட்டங்கூடப் பார்த்ததில்லம்மா. கால ஒடச்சிக்கிருவாரோன்னு பயம். காலையிலேருந்து வர்றவங்க எல்லாம் நல்லா ஆடுவாரு, நல்லா ஆடுவாருங்கிறாங்க. எப்படித்தான் ஆடுவாரு? சொல்லேன்.”

அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நான் சொல்லத் தொடங்கினேன். இடது ஓரத்தில் எப்படி ஓடுவார், தரையோடு போன அந்த பெனால்டி. அதைச் சொன்ன பிறகு மற்றதை மறைக்க மனம் வரவில்லை. மழை ஆட்டத்தையும் நான் கத்தியதையும் அவர் கொடுத்த மாங்காயையும் சொன்னேன். “அவருகிட்ட கேக்காம விட்டுட்டேன். நீங்களாவது மன்னிச்சிருங்கக்கா,” என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். “நாலு மாங்காயா?”

“ஆமாங்க்கா.”

“எங்க வூட்டு மரத்து மாங்கா. யாருக்குன்னு கேட்டேன். ஒரு தங்கச்சிக்குன்னாரு. எந்தத் தங்கச்சிடான்னு ஒரு வாரம் அவருகூட நான் பேசலையே!”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நானும் சிரித்தேன், அழுதேன். துக்க வீட்டில் இரண்டு பொம்பளைகள் இப்படிச் சிரித்து அழும் சத்தம் கேட்டு வாசலில் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது பத்து பெரண்டாம் வழியாகத்தான் வந்தோம். கம்பெனி எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கட்டடத்தில் யாரோ பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கத்திய சிமெண்டுப் படிகளும் இப்போது இல்லை.

வீட்டில் மகன் தொலைக்காட்சியில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். இடது ஓரத்தில் ஒருவன் அழகாக ஓடினான். நான் நின்று பார்த்தேன்.

“நல்லா ஆடுறான். எந்தக் கம்பெனில வேல செய்யிறான்பா?”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஐயோ அம்மா, ஆடுறதுதான்மா அவனுக்கு வேலையே!”

அவன் சொல்வது சரிதான். ஆட்டத்தில் தோற்றுவிட்டு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நம்மோடு வரிசையில் நின்று கார்டு பஞ்ச் பண்ணியவர்களை அவன் பார்த்ததில்லை.